சித்திரை வரை சொல்லக் கூடாது

எங்கள் பக்கத்தில் அன்பளிப்பு என்றால் அது கொப்பியில் ஏறும். சாமத்தியச் சடங்கோ கலியாண வீடோ, வாசலுக்குக் கிட்ட ஒரு மேசை போட்டு, கையெழுத்துத் தெளிவான ஒருவரை இருத்தி, இன்னார் இவ்வளவு என்று மொய் எழுதுவார்கள். அந்தக் கொப்பி அலுமாரியில் காணி உறுதிகளோடு சேர்ந்து இருக்கும். தந்தவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் எடுத்துப் பார்த்து, வந்ததிலும் குறையாமல் கொண்டுபோய்க் கொடுப்போம். இதை நான் பழுதென்று சொல்ல மாட்டேன். இடப்பெயர்வும் கடலும் மாறி மாறி அடித்த திருகோணமலையில் எத்தனையோ குடும்பங்கள் திரும்ப எழும்பியதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கலும் ஒரு காரணம். ஆனால் யார் தந்தது என்று தெரியாமல் ஒரு பொருள் கைக்கு வந்தால் மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் கண்டது எங்கள் முத்திரைக் கழகத்தில்தான்.

கழகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ரியூசன் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அந்தக் கொட்டிலின் வாங்குகளில் அல்பங்களை விரித்துக்கொண்டு இருப்போம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், அவரை எல்லோரும் ஐயா என்போம். கன்னியர் மடப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர். கிண்ணியாவில் சைக்கிள் திருத்தும் ஒருவர், அவரை நானா, அதாவது அண்ணன், என்போம். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர், நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவர், உயர்தரம் படிக்கிற பையன் ஒருவன், இன்னும் சிலர். 1857 ஏப்ரல் 1இல் வெளிவந்த சிலோனின் முதல் முத்திரை, அந்த ஆறு பென்ஸ் விக்டோரியா மகாராணி, பற்றிப் பேசுவோம். 1859இன் மிக அரிய நாலு பென்ஸ் முத்திரை ‘டல் ரோஸ்’ பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. எங்களில் எவரும் அதை நேரில் கண்டதில்லை.

இப்படி வருடக்கணக்காக ஒன்றாக இருந்தும் நாங்கள் சிநேகிதர்கள் இல்லை. யாரிடம் எந்த முத்திரை இரட்டையாக இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். யாருடைய வீட்டில் யார் சுகமில்லாமல் படுத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முத்திரை மாற்றுவது கணக்குப் பார்க்கிற வேலை. ஓரத்துப் பல் உடைந்திருக்கிறதா, பின்பக்கத் தாள் மெலிந்திருக்கிறதா, சீல் முகத்தின் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பட்டியல் விலையை ஒப்பிட்டு, உன்னுடைய ஒன்றுக்கு என்னுடைய இரண்டு என்று முடிப்போம். நேர்மையாகத்தான் நடந்தது. முடிந்ததும் அவரவர் அல்பத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம்.

மறைமுகப் பரிசு என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் டீச்சர். அவருடைய பாடசாலையில் நத்தாருக்கு முன் பிள்ளைகள் பெயர்ச் சீட்டு எடுத்து, தனக்கு வந்த பிள்ளைக்குத் தெரியாமல் சின்னச் சின்னப் பொருள் வைப்பார்களாம். நாங்களும் செய்வோமா என்று கேட்டார். நத்தாருக்கு வேண்டாம், தைப்பொங்கலுக்குப் பிறகு என்று ஐயா சொன்னார். காரணம் மழை. ஐப்பசியிலிருந்து வாடைக்காற்றோடு மாரி இறங்கினால் இங்கே அல்பத்தைத் திறக்கவே பயம். பாவிக்காத முத்திரையின் பசை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தாளோடு ஒட்டிவிடும். ஓரங்களில் துரு ஏறியதுபோலக் கபிலப் புள்ளிகள் வரும். பொங்கலோடு மழை ஓய்ந்துவிடும். அதிலிருந்து சித்திரைப் புதுவருடம் வரை முத்திரைக்கும் நல்ல காலம், மனிதருக்கும் நல்ல காலம்.

பெயர்களைச் சுருட்டிப் பால்மாப் பேணி ஒன்றில் போட்டுக் குலுக்கினோம். சட்டங்கள் ஐயா போட்டவை. காசு கொடுத்து வாங்கக் கூடாது. கையில் இருப்பது, மாற்றி எடுத்தது, கையால் செய்தது, இவ்வளவுதான். பொதி தபாலில் மட்டும் போகவேண்டும், மாதத்துக்கு ஒன்றாவது. சித்திரைக் கூட்டம் வரை யார் என்று மூச்சு விடக் கூடாது.

தபாலில் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவுக்கு ஏறியிருந்தது. அந்த வருடம் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்ற விலைக்கு இது யாருக்கும் சின்னக் காசு இல்லை. ஒரு பெட்டி வைத்து அதிலே போடலாமே என்றார்கள். ஐயா விடவில்லை. “பிள்ளையள், உறையில ஒட்டுற முத்திரையும் பரிசுதானே. அதை ஏன் இழக்கிறியள்?” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முதல் பொதி வந்தபோது விளங்கியது. அனுப்புகிறவர் தபால் கந்தோர் யன்னலில் நின்று, வழமையான முத்திரையை மறுத்து, பெறுபவருக்குப் பிடித்த நினைவு முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, நேராக ஒட்டி, “தம்பி, சீலை மூலையில மெல்லமா அடியுங்கோ” என்று மன்றாடிவிட்டுத்தான் வந்திருப்பார். உறையைத் திறக்க முன்னமே அந்தக் கவனம் தெரியும்.

சீல்தான் பிரச்சினையும். முத்திரை சேர்ப்பவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் அவன் முதலில் பார்ப்பது எந்தக் கந்தோர், எந்தத் திகதி என்றுதான். நிலாவெளிச் சீலோடு பொதி வந்தால் அனுப்பியவர் யாரென்று கேட்கத் தேவையில்லை. அதனால் நிலாவெளிக்காரர் கந்தளாயில் இருக்கும் மச்சாளிடம் கொடுத்து அனுப்பினார். துறைமுகத்துக்காரர் மனைவியைக் கொண்டு முகவரி எழுதுவித்தார். மூதூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் தாதி ஒருவர் என் பக்கத்து வீடு. அவருடைய கைப்பையில்தான் என் பொதிகள் மூதூருக்குப் போயின. முத்திரை என்றால் என்னவென்றே கவனித்திராத இவர்களெல்லாம் இரகசியத்துக்குள் வந்துவிட்டார்கள். “அந்த ஆளுக்குக் கிடைச்சுதாமோ? என்ன சொன்னவராம்?” என்று அந்தத் தாதி என்னை மதிலுக்கு மேலால் கேட்கத் தொடங்கினார். அதுவரை நாங்கள் இருவரும் தண்ணீர் வருகிறதா என்பதற்கு மேல் பேசியதில்லை.

இன்னொன்றும் நடந்தது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். காசு கொடுத்து வாங்கக் கூடாதென்றால், பெறுபவருக்கு எது அருமை என்று தெரிந்தால்தான் எதையாவது அனுப்பலாம். அதை அவரிடமே கேட்க முடியாது. மற்றவர்களிடம் விசாரிக்க வேண்டும். ஒருவரைப் பற்றி மட்டும் விசாரித்தால் உடனே பிடிபட்டுவிடுவோம். ஆகவே நாலு பேரைப் பற்றி விசாரிக்கவேண்டி வரும். நானாவைப் பற்றி அறிய, டீச்சரைப் பற்றியும் துறைமுகத்துக்காரரைப் பற்றியும் அந்தப் பையனைப் பற்றியும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். டீச்சர் தன் தாயாரைத் தனியாகப் பராமரிக்கிறார் என்றும், அதனால்தான் கூட்டம் முடிய முன்னமே எழும்பிப் போகிறார் என்றும் அப்போதுதான் தெரியவந்தது. அவருக்கு முத்திரையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். எல்லோரும் எல்லோரைப் பற்றியும் இப்படி விசாரித்துக்கொண்டிருந்த மாதங்களில், ஒவ்வொருவரைச் சுற்றியும் மெல்ல ஒரு அக்கறை வளர்ந்தது.

எனக்கு வந்த பெயர் கிண்ணியா நானாவுடையது. நான் அவரை அறிந்ததெல்லாம் பறவை முத்திரை மட்டும் சேர்ப்பவர், அதிகம் பேசாதவர் என்றளவில்தான். 1960களில் வந்த சிலோன் காட்டுக்கோழியிலிருந்து அவரிடம் இல்லாத உள்ளூர்ப் பறவை இல்லை. அப்படிப்பட்டவருக்கு எதை அனுப்புவது? ஐயாவிடம் மெதுவாகக் கதை கொடுத்துப் பார்த்தேன். ஐயா முந்தி கிண்ணியாவிலும் வேலை செய்தவர். 2009இல் பாலம் திறக்கும் வரை, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடலைக் கடந்துதான் அங்கே போகவேண்டும். அந்தக் காலத்தில் அரபு நாட்டுக் கடிதம் வந்தால் கந்தோர் வாசலில் ஒரு பொடியன் காத்து நிற்பானாம், உறையின் மூலையை வெட்டித் தரச் சொல்லி. அந்தப் பொடியன்தான் நானா. அவருடைய சாச்சா, அதாவது சித்தப்பா, குவைத்தில் வேலை பார்த்தவர். அவர் போட்ட முதல் கடிதத்தில் ஒட்டியிருந்த ராஜாளிதான் நானாவின் முதல் முத்திரை. குவைத் 1965இல் ஒரே ராஜாளிப் படத்தை வேறு வேறு நிறங்களில் ஒரு தொகுதியாக வெளியிட்டது, அதில் ஒன்று. அந்த அல்பம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் வீட்டோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கிச் சேர்த்தவை எல்லாம் பறவைகள்.

குவைத் ராஜாளி பெரிய விலைக்குரிய முத்திரை இல்லை. கொழும்பில் ஒரு கடையில் கேட்டால் ஒருவேளை கிடைத்திருக்கும். ஆனால் வாங்கக் கூடாதே. என்னிடம் இருந்த 1972க்கு முந்திய ‘சிலோன்’ முதல்நாள் உறைகளில், அதாவது முத்திரை வெளிவந்த அன்றே சீல் விழுந்த உறைகளில், இரட்டையாக இருந்தவற்றை எடுத்துக்கொண்டு, மட்டக்களப்பில் அரபு நாடுகளின் முத்திரை சேர்க்கும் ஒருவருக்கு எழுதினேன். அவர் யோசித்துப் பதில் போட்டார், நான் மறுபடி எழுதினேன். பங்குனி பிறந்தபோது ஒரு ராஜாளி வந்து சேர்ந்தது. பாவித்த முத்திரை, ஒரு பக்கம் சீலின் வளைவு, பற்கள் முழுமையாக இருந்தன. மெழுகுத்தாள் உறையில் இட்டு, இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து, தாதியின் கைப்பையில் மூதூருக்கு அனுப்பினேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நானா எல்லோருக்கும் முந்தி வந்து உட்கார்ந்திருந்தார். வழமையாகச் சுவரோரம் இருப்பவர் அன்று நடு மேசையில் இருந்தார். அந்த மெழுகுத்தாள் உறையை மேசையில் வைத்து, “இதை எனக்கு ஆர் அனுப்பினதெண்டு தெரியா. அதால உங்கள் எல்லாருக்கும் சொல்லுறன்” என்று தொடங்கினார். சாச்சாவைப் பற்றிச் சொன்னார். குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்த வானொலியைப் பற்றி, அதைக் கேட்க அயலெல்லாம் கூடியதைப் பற்றி, தண்ணீர் வந்த காலையில் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் பேரப்பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றி. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய குரலை அவ்வளவு நேரம் அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. ஆள் தெரிந்திருந்தால் நானா அந்த ஆளைத் தனியே கூப்பிட்டு, “பெரிய உதவி தங்கச்சி” என்று சொல்லியிருப்பார்; அடுத்த மாதம் பெறுமதியான ஒரு முத்திரையை என் கையில் வைத்துக் கணக்கை முடித்திருப்பார். ஆள் தெரியாததால் நன்றியை எல்லோரிடமும் சொல்லவேண்டியிருந்தது. அன்று பின்னேரம் அந்தக் கொட்டிலில் இருந்த ஒவ்வொருவரும் அதை அனுப்பியவராக இருந்தார்கள்.

எனக்கு வந்ததையும் சொல்லவேண்டும். நான் சேர்ப்பது திருகோணமலை சம்பந்தப்பட்டவை. 1935இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துப் படத்தொகுதியில் ஒரு ரூபா முத்திரையில் எங்கள் ஊர்தான் இருக்கிறது. 1938இல் ஆறாம் ஜோர்ஜ் தொகுதியிலும் அதே ஒரு ரூபாவுக்கு அதே ஊர். யுத்தகாலத்தில் இங்கிருந்த கடற்படையினர் வீட்டுக்கு எழுதிய, தணிக்கை அடையாளம் விழுந்த உறைகளும் சில வைத்திருக்கிறேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட நாட்களை ஒட்டிய ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே என் மறைமுக நண்பர் அப்படி ஏதாவது அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

வந்தது கண்ணறைத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள். உள்ளே மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வருமே, ஈரம் உறிஞ்சும் அந்தச் சிலிக்கா மணிகள். அதில் ஒரு பையில் மட்டும் நீல மணிகள் கலந்திருந்தன. கூடவே தட்டெழுத்தில் ஒரு துண்டு: “மாரிக்கு. நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் மணி ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள்.” மாரியில் என்னுடைய 1938 ஒரு ரூபா, பசையோடு இருந்த நல்ல முத்திரை, அல்பத் தாளில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் சொல்லிக் கவலைப்பட்டிருந்தேன். யாரோ அதைக் காதில் வாங்கி, மாதக்கணக்காக மணி சேர்த்திருக்கிறார்கள். நான் அந்தப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பட்டியல் விலை இல்லாத பொருள் அது. அதற்குப் பிறகு கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீங்களா, நீங்களா என்று மனதுக்குள் கேட்டேன். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஒருவரோடும் வெடுக்கென்று பேச வராது.

சித்திரைக் கூட்டத்தில்தான் தெரிந்தது, அது உயர்தரம் படிக்கிற பையன். அவனுடைய தாயார் மருந்துக்கடையில் வேலை செய்கிறார். தைத்தது அவர். நான் அவனோடு அதுவரை ஒரு முழு வசனம் பேசியிருப்பேனோ தெரியாது. “அன்ரி, அந்த ஒட்டின முத்திரையையும் எடுக்கலாம்” என்றான். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்த பஞ்சு வைத்து, அதற்கு மேலே வலைத் தட்டு வைத்து, முத்திரை ஒட்டிய தாளை அதில் கிடத்தி மூடிவிட்டுப் போனான். தண்ணீர் நேரே படக்கூடாது, ஈரக் காற்று மட்டும் போய்ப் பசையை இளக்கவேண்டும். மறுநாள் வந்து இடுக்கியால் ஒரு மூலையைத் தொட்டான். முத்திரை தானாகவே விட்டது. பசை கொஞ்சம் குழம்பியிருந்தாலும் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. ஊதா நீலமும் பழுப்புமாக எங்கள் ஊர் மறுபடி என் கையில் இருந்தது. அன்றைக்கு அவன் எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். இப்போது அவனுடைய தாயாரும் நானும் கோணேசர் கோவிலுக்கு ஒன்றாகப் போகிறோம்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு வருடம் ஒரு அங்கத்தவருக்கு ஒன்றுமே வரவில்லை. அனுப்பவேண்டியவர் இன்று நாளை என்று விட்டுவிட்டார். பொதி வராதவர் ஒவ்வொரு மாதமும் மற்றவர்களின் பொதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார், பிறகு வராமல் விட்டார். பெயர் தெரியாத அன்பு எவ்வளவு நிறைவைத் தருமோ, பெயர் தெரியாத புறக்கணிப்பும் அவ்வளவு வலி தரும். எல்லோருமே தன்னை விட்டுவிட்டதாகத் தோன்றும். டீச்சரும் நானும் வீட்டுக்குப் போய்க் கதைத்துத்தான் அவரை மீண்டும் கூட்டிவந்தோம். அதிலிருந்து ஐயா சீட்டு எடுப்பதில்லை. யாருக்கு யார் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும், மாதக் கடைசியில் பொதி வராதவருக்கு அவரே ஒன்று அனுப்புவார். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் இந்தக் காவல் வேலைக்கு முதலில் ஆள் பார்க்கவேண்டும், சீட்டுக் குலுக்குவது பிறகு.

கடைசியில் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் இன்னமும் வாக்குவாதம் உண்டு. சொல்லாமலே விட்டால்தான் அழகு என்பது ஐயாவின் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பையன் என்று தெரியாமல் போயிருந்தால் ஒரு ரூபா முத்திரை இன்றைக்கும் ஒட்டியபடியே இருந்திருக்கும், அவனுடைய தாயாரை நான் அறிந்திருக்க மாட்டேன். ஆனால் அவசரப்பட்டும் சொல்லக் கூடாது. கந்தோர்களில் ஒரே நாளில் சீட்டு எடுத்து, அன்றைக்கே கோப்பையும் பேனையும் கொடுத்து, கைதட்டி முடிக்கிறார்கள். சந்தோஷமான பொழுதுதான், ஆனால் அங்கே எவருக்கும் எவரையும் விசாரிக்க நேரம் கிடைப்பதில்லை. பொங்கலிலிருந்து சித்திரை வரை என்ற அந்த இடைவெளிதான் எங்களுக்கு வேலை செய்தது.

இந்த வருடச் சீட்டு போன ஞாயிறு முடிந்தது. பேணிக்குள் ஒரு புதுப் பெயரும் விழுந்தது: நானாவின் பேத்தி, வண்ணத்துப்பூச்சி முத்திரை சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள். கூட்டம் முடிந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறென்ன பிடிக்கும் என்று டீச்சர் கேட்டார், துறைமுகத்துக்காரர் கேட்டார், நேற்று மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தாதியும் கேட்டார்.